தூண்டில்காரருக்கு வெட்டிய குளமும் இயற்கை ஆறும்

(உள்நாட்டு மீன் வளர்ப்புப் பயிற்சியில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



பண்ணைக் குட்டையில் எத்தனை குஞ்சு விடுவது, எவ்வளவு சாணம் இடுவது, கட்லாவும் ரோகுவும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இப்பயிற்சியில் கேட்டுக் கொண்டீர்கள். அவை அனைத்தும் மீனைப் பிடித்து, எடை போட்டு, விற்பதைப் பற்றியவை. நான் சொல்ல வந்தது வேறு ஒரு தொழில். மீனை விற்காமல், மீன் பிடிக்கும் பொழுதை விற்கும் தொழில். இங்கிலாந்து நாட்டு உழவர்கள் பலர் கடந்த 40 ஆண்டுகளில் இதில் இறங்கினார்கள். அதனால் அவர்களுக்கு என்ன கிடைத்தது, அந்நாட்டு ஆறுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் அறிந்து கொள்வது நல்லது. நகரத்திலிருந்து வரும் சிலர், "உங்கள் குட்டையில் ஒரு நாள் தூண்டில் போட எவ்வளவு வாங்குவீர்கள்?" என்று உங்களிடமும் கேட்கலாம் அல்லவா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இங்கிலாந்தில் சால்மன், ட்ரவுட் ஆகிய மீன்களைத் தின்பதற்காகவும் பிடிக்கிறார்கள். ஆனால் கெண்டை, ரோச், பார்பல் போன்ற மீன்களைத் தூண்டிலில் பிடிப்பவர் பெரும்பாலும் அவற்றை வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. பிடித்து, எடை பார்த்து, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார். "பிறகு எதற்கையா பிடிப்பது?" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சல்லிக்கட்டில் காளையின் திமிலைப் பிடித்த இளைஞர் அந்தக் காளையை வீட்டுக்கா ஓட்டிச் செல்கிறார்? அது போலத்தான் இதுவும். பல இலட்சம் பேருக்கு இது வார இறுதிப் பொழுதுபோக்கு. 13 வயது ஆனவர்கள் தூண்டில் போட அரசின் உரிமச் சீட்டு வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல், நீர்நிலைக்கு உரியவருக்கோ, அதைக் குத்தகைக்கு எடுத்த சங்கத்துக்கோ தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும்.

வயலில் வெட்டிய குளங்கள்

1984 ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஒவ்வொரு பண்ணையும் இவ்வளவு பால்தான் கறந்து விற்கலாம் என்று வரம்பு விதித்தது. 1988 இல் தானிய நிலத்தின் ஒரு பகுதியைத் தரிசாகப் போட்டால் பணம் தரும் திட்டம் வந்தது. மாட்டையும் கோதுமையையும் மட்டும் நம்பியிருந்த உழவர் வேறு வருவாய்க்கு வழி தேட வேண்டியதாயிற்று. பண்ணையின் ஒரு மூலையில் களிமண் பாங்கான, நீர் தேங்கும், விளைச்சல் தராத நிலம் இருந்தால் அதில் மண் வெட்டும் இயந்திரத்தை இறக்கிக் குளம் வெட்டினார். சாதாக் கெண்டையை நெருக்கமாக விட்டார். கரையைச் சுற்றி மரப்பலகையால் உட்காரும் மேடைகள் அமைத்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். நாள் சீட்டு விற்றார். இத்தகைய குளங்களைத் தூண்டில்காரர்கள் "கமர்சியல்" என்றே குறிப்பிடுகிறார்கள். வார்விக்சயரில் பெயர் பெற்ற குளங்கள் உள்ள ஓர் இடத்துக்கு இன்றும் டனல் பார்ன் ஃபார்ம் என்றுதான் பெயர். பண்ணை என்ற சொல் பெயரோடு ஒட்டிக் கொண்டிருக்கிறது.

இதற்கு முன்னால் பெரிய கெண்டை பிடிப்பது அந்நாட்டில் அரிய செயல். 1952 இல் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மயர் என்ற சிறிய குளத்தில் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தபோது நாடே வியந்து பேசியது. அந்த மீனை இலண்டன் விலங்குக் காட்சி சாலையில் வைத்துக் காட்டினார்கள். கமர்சியல் குளங்கள் வந்த பின் பள்ளிச் சிறுவன் ஒரு பிற்பகலில் பத்துக் கெண்டைகளைப் பிடித்துவிட்டுப் போகிறான். போட்டிகளும் இக்குளங்களுக்கே வந்து சேர்ந்தன. 1994 இல் தொடங்கிய 'ஃபிஷ் ஓ மேனியா' போட்டியைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். ஐந்து மணி நேரப் போட்டியில் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ மீனைக் காட்டுவது இக்குளங்களில் அதிசயம் அல்ல. அதே நேரம் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் நாலைந்து கிலோ மீனுக்கே பரிசு கிடைத்துவிடக்கூடும்.

சட்டமும் குளங்களுக்குச் சாதகமாக அமைந்தது. மீன் முட்டையிடும் காலத்தைக் காப்பதற்காக 1878 ஆம் ஆண்டுச் சட்டப்படி மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடத் தடை உண்டு. 1995 இல் பெரும்பாலான குளம், ஏரிகளுக்கும், 2000 இல் பெரும்பாலான கால்வாய்களுக்கும் இத்தடையை நீக்கினார்கள். ஆறுகளுக்கு நீக்கவில்லை. ஆகவே இளவேனிற்கால மூன்று மாதங்களில் தூண்டில்காரருக்குக் குளம்தான் கதி. ஒரு தடவை குளத்தின் வசதிக்குப் பழகியவர் ஜூன் 16 அன்று ஆற்றுக்குத் திரும்புவார் என்பது என்ன நிச்சயம்? வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, தேநீர்க் கடை, சக்கர நாற்காலியில் வருபவருக்கும் ஏற்ற சமமான கரை ஆகியவை ஆற்றில் கிடையா. இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. முதியவரும் குழந்தைகளும் ஆபத்தின்றித் தூண்டில் பழகும் இடம் குளமே.

குளத்துக்காரரின் பாடு

வெளியிலிருந்து பார்த்தால் இது படுத்துக் கொண்டே பணம் பண்ணும் தொழிலாகத் தோன்றும். உண்மை அதுவன்று.

நமது குட்டையில் மீன் ஓர் அறுவடைப் பொருள். அங்கே மீன் உழவு மாட்டைப் போன்றது. ஒரே கெண்டையை ஆண்டுக்குப் பல முறை பிடித்து விடுகிறார்கள். அது செத்தால் முதலே போயிற்று. எனவே விதிகள் மிகுதி. எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளையே பயன்படுத்த வேண்டும். பெரிய மீனைக் கரையில் மண்ணில் போடக் கூடாது. ஈரமான மெத்தையின் மீது வைத்தே முள்ளை எடுக்க வேண்டும். வேறு குளத்தில் நனைத்த வலையை அப்படியே இங்கே இறக்கக் கூடாது. கிருமி நாசினித் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். சில இடங்களில் குளத்துக்காரரே வலை கொடுக்கிறார்.

கடைசியாகச் சொன்ன விதிக்குத் தக்க காரணம் இருக்கிறது. கோய் ஹெர்ப்பிஸ் என்னும் நச்சுயிரி 1990களின் பிற்பகுதியில் உலகில் பல இடங்களில் கெண்டைகளைக் கொன்று குவித்தது. தண்ணீரின் வெப்பம் 16 முதல் 28 பாகை செல்சியசு வரை இருக்கும்போது நோய் வெளிப்படும். குளத்தில் உள்ள கெண்டைகளில் பெரும் பகுதி சில நாட்களில் மாண்டுவிடும். பிழைத்தவை நோயைச் சுமந்து கொண்டே வாழும். மருந்து இல்லை. மனிதருக்கோ பிற இன மீன்களுக்கோ இதனால் தீங்கில்லை என்பது ஒன்றே ஆறுதல். பிரிட்டனில் 2007 முதல் இந்நோய் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அனுமதியின்றி அக்குளத்து மீனை வெளியே கொண்டு செல்ல முடியாது, புது மீன் கொண்டு வரவும் முடியாது. ஒரே இன மீனை நெருக்கமாக விட்டு, நாடு முழுவதும் குளத்துக்குக் குளம் மீனை ஏற்றி இறக்கும் தொழிலில் இப்படி ஒரு நோய் வந்தால் நட்டம் எங்கே போய் நிற்கும் என்பதைக் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பிராணவாயு. 10 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லி கிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லி கிராம்தான். வெப்பம் ஏற ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது, இருப்போ குறைகிறது. இயற்கையான ஏரி தாங்கும் அளவைப் போலப் பல மடங்கு மீன் இக்குளங்களில் இருப்பதால், கோடையில் புழுக்கமான இரவு கழிந்து விடியும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது காற்றூட்டும் இயந்திரம் ஓடவில்லை என்றால் காலையில் மிதப்பவற்றை அள்ள வேண்டியதுதான். உங்கள் குட்டையிலும் சாணம் மிகுந்துவிட்டால் விடியற்காலையில் இதே காட்சியைக் காணலாம்.

இன்னொரு செய்தி உங்களுக்குச் சுவையாக இருக்கும். குளிர் காலத்தில் சாதாக் கெண்டை தீனி எடுப்பதைக் குறைத்துக் கொள்ளும். தூண்டிலில் மீன் சிக்காவிட்டால் சீட்டு விற்காது. இதற்காகச் சாதாக் கெண்டையையும் குருஷியன் கெண்டை என்னும் சிறிய இனத்தையும் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கினார்கள். அது குளிரிலும் இரை எடுக்கும். அளவுக்கு மீறிப் பருப்பதும் இல்லை. அதன் பெயர் 'எஃப் 1'. ஆம், நாம் வீரிய ஒட்டு விதைப் பையில் காணும் அதே எஃப் 1 தான், முதல் தலைமுறை என்பதே பொருள். வியாபாரத்துக்கு இது நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் சாதாக் கெண்டையோடும் கலப்போடும் ஒரே நீரில் சேர்ந்தால் குருஷியன் இனம் தன் தூய்மையை இழந்து கரைந்து போகிறது. அந்நாட்டில் இன்று தூய குருஷியன் இருக்கும் குளங்களைத் தேடிக் காக்க வேண்டிய நிலை.

நீர்நாயையும் சொல்லியாக வேண்டும். 1950களில் விதை நேர்த்திக்குப் பயன்பட்ட ஆல்டிரின், டீல்டிரின் ஆகிய மருந்துகள் ஆற்றில் கலந்து இங்கிலாந்தின் நீர்நாய்களை ஏறக்குறைய அழித்துவிட்டன. மருந்துகள் நின்றன, 1978 இல் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. மெல்ல மெல்லப் பெருகி 2011 இல் எல்லா மாவட்டங்களுக்கும் அது திரும்பிவிட்டது. ஆற்றுக்கு இது நற்செய்தி. குளத்துக்காரருக்கோ தலைவலி. ஆயிரக்கணக்கான பவுண்டு விலை பெறும் 15 கிலோ கெண்டையை நீர்நாய் ஒரே இரவில் இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டுப் போகிறது. அதைக் கொல்லவும் கூடாது. குளம் முழுவதும் கம்பி வேலி போடும் செலவு உழவர் தலையில் விழுகிறது.

ஆற்றின் நிலை

தூண்டில்காரர்கள் ஆற்றை விட்டுக் குளத்துக்கு வந்ததற்குக் குளத்தின் வசதி மட்டும் காரணம் அன்று. ஆறும் கெட்டது. 2020 இல் வெளியான கணக்கின்படி இங்கிலாந்தின் ஆறுகளில் 100 க்கு 14 தான் நல்ல சூழல் நிலையில் இருந்தன. மழை நேரத்தில் கழிவு நீர்க் குழாய்கள் நிரம்பி ஆற்றிலும் கடலிலும் வழிந்த நிகழ்ச்சிகள் 2023 இல் மட்டும் 4,64,056 என்று அரசின் கணக்கே கூறுகிறது.

கழிவு நீரை மட்டும் பழித்துவிட்டு நாம் தப்பிக்க இயலாது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடையே ஓடும் வை ஆறு, சால்மன் மீனுக்கும் பார்பல் மீனுக்கும் புகழ் பெற்றது. அதன் வடிநிலப் பகுதியில் சுமார் 2 கோடி கோழிகள் வளர்கின்றன. கோழி எருவை ஆண்டாண்டாக வயல்களில் கொட்டியதால் மண்ணில் மணிச்சத்து பயிரின் தேவைக்கு மேல் சேர்ந்து, மழையில் ஆற்றுக்கு வந்தது. கோடையில் தண்ணீர் பச்சைக் கூழாயிற்று. ஆற்றின் அடியில் வளர்ந்து மீன் குஞ்சுகளுக்கு இடம் தந்த நீர்ப் பூண்டு வெயில் கிடைக்காமல் மறைந்தது. 2023 இல் அந்த ஆற்றின் நிலை சரிந்து வருவதாக அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. எரு நல்லது என்று நாங்களே உங்களிடம் சொல்கிறோம். மண் ஆய்வு செய்து இடுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். இரண்டாவது பாதியைக் கேட்பவர்தாம் குறைவு.

இங்கே தூண்டில்காரரின் பங்கு ஒன்று இருக்கிறது. நான் இவ்வுரைக்கு ஒப்புக் கொண்டதே இதைச் சொல்லத்தான். அந்நாட்டுச் சட்டப்படி, கடல் நீர் ஏறி இறங்காத ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை கரை நிலத்துக்காரருக்கு ஆற்றின் நடுப்பகுதி வரை உண்டு. அவர் அதைச் சங்கத்துக்குக் குத்தகை விடலாம். ஆகவே ஆறு கெட்டால், "என் சொத்துக்குக் கேடு" என்று வழக்குத் தொடுக்க ஒருவர் இருக்கிறார். 1948 இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் இதற்கென்றே தூண்டில்காரர்களின் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார். டெர்வென்ட் ஆற்றில் சூடான ஆலைக் கழிவையும் சரிவரச் சுத்தம் செய்யாத சாக்கடை நீரையும் விட்டதற்காக, டெர்பி நகரின் தூண்டில் சங்கம் ஒன்று பெரிய செயற்கை இழை ஆலையையும் நகராட்சியையும் மின் வாரியத்தையும் நீதிமன்றத்தில் நிறுத்தியது. 1952 இல் சங்கம் வென்றது. கழிவை விடக் கூடாது என்று தடையாணை பிறந்தது. ஆலைத் தொழிலாளர்களும் நடுத்தர மக்களும் சந்தா கட்டி நடத்தும் வகையைச் சேர்ந்த சங்கம் இது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சங்க உறுப்பினர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் வரை செத்த மீன் மிதந்தால் அன்றே செய்தி வெளிவரும். அவர் கமர்சியல் குளத்துக்குப் போய்விட்டால் சங்கத்தின் சந்தா குறையும். குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஆற்றங்கரையில் புதர் மண்டும். யாரும் பாராத ஆற்றில் எதை விட்டாலும் கேள்வி இல்லை. குளங்களின் மீது எனக்குள்ள உண்மையான வருத்தம் இதுதான். குளத்தில் மீன் பிடிப்பது மட்டமான விளையாட்டு என்று அங்கே சிலர் ஏளனம் செய்கிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. எதில் மகிழ்ச்சி என்பது அவரவர் விருப்பம்.

ஆற்றங்கரை உழவருக்கும் வருவாய் கிடைக்கும்படி வேறொரு வழியை அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கண்டிருக்கிறார்கள். ஆற்றைக் காக்கும் அறக்கட்டளைகள் தூண்டில்காரர்களுக்கு வில்லைகளை விற்கின்றன. ஒரு சிற்றாற்றுக்குப் போகிறவர் அந்தப் பண்ணையின் வாயிலில் உள்ள பெட்டியில் குறிப்பிட்ட எண்ணிக்கை வில்லைகளைப் போட்டுவிட்டு மீன் பிடிக்கலாம். பிறகு அறக்கட்டளை அந்த வில்லைகளுக்கு உரிய பணத்தை உழவரிடம் சேர்க்கிறது. மாடு இறங்கிக் கரையைச் சரிக்காதபடி வேலி கட்டுவதற்கும் உதவுகிறது. குளம் வெட்டினால் வரும் பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். ஆனால் முதலீடு இல்லை, தீவனம் இல்லை, விடியற்காலையில் எழுந்து காற்றூட்டியைப் பார்க்க வேண்டியதும் இல்லை.

காவிரி சொல்லும் செய்தி

குளத்துப் பழக்கத்தை ஆற்றுக்குக் கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை அறிய இங்கிலாந்து வரை செல்ல வேண்டாம். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீர், உலகத் தூண்டில்காரர்கள் தேடி வந்த மீன். 1946 இல் மைசூர்ப் பகுதியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையுள்ள மகசீர் தூண்டிலில் சிக்கியது. பிற்காலத்தில் கர்நாடக மாநிலத்தில் காவிரிக் கரையிலுள்ள காலிபோர் போன்ற முகாம்களில், பிடித்து எடை பார்த்து விட்டுவிடும் முறையில் இதை நடத்தினார்கள். வேலை கிடைத்ததால் உள்ளூர் மக்களே கள்ள வேட்டையைத் தடுத்தார்கள்.

இதற்கிடையில் மகசீர் குறைகிறதே என்று, மராட்டிய மாநிலம் லோனாவ்லாவில் உள்ள டாட்டா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்திலிருந்து நீலத் துடுப்பு மகசீர் குஞ்சுகளைக் கொண்டு வந்து காவிரியில் விட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அது வேறு இனம். 1998 முதல் 2012 வரை காலிபோர் முகாமில் தூண்டில்காரர்கள் எழுதி வைத்த பதிவேட்டைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, நீலத் துடுப்பு மகசீர் பெருகிக் கொண்டே போனதும் திமில் மகசீர் அற்றுப் போகும் அளவுக்குக் குறைந்ததும் தெரிந்தது. 2018 இல் அது மிகவும் ஆபத்துக்குள்ளான இனம் என்று உலகப் பட்டியலில் ஏறியது. மிஞ்சியுள்ள இடங்களில் நமது மோயாறும் ஒன்று. இந்தப் பதிவேடு இல்லாதிருந்தால் இந்த இழப்பு எழுத்தில் கூட இருந்திராது.

உங்கள் குட்டை

நீலகிரிக்கு 1939 இல் இலங்கையிலிருந்து வந்த சாதாக் கெண்டையும், இங்கிலாந்துக் குளங்களில் இருப்பதும் ஒரே இனம்தான். எனவே அவர்களுடைய அனுபவம் நமக்கும் பொருந்தும். தூண்டிலுக்கு வருவோரை ஏற்க விரும்பினால் முதலில் கணக்கை எழுதிப் பாருங்கள். ஓர் ஏக்கர் குளத்தில் 20 பேர் உட்காரலாம் என்றால் 20 பேரும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வருவார்கள். மற்ற நாட்களில் இரண்டு பேர் வந்தால் அதிகம். கோடையில் தண்ணீர் வற்றும் குட்டைக்கு இத்தொழில் ஆகாது. நம் ஊரில் பிடித்த மீனைத் திரும்ப விட யாருக்கும் மனம் வராது. ஆகவே பிடித்ததை எடை போட்டு விலைக்குக் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. அப்போது வழக்கமான கூட்டு மீன் வளர்ப்புக் குட்டையே போதும். அறுவடைக்கு முந்தின இரண்டு மாதங்களுக்குச் சீட்டு விற்கலாம். கரையை வழுக்காமல் வைத்திருங்கள். ஆழத்தை எழுதி நட்டு வையுங்கள். குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். வேகமாக இழுக்கும் மீன் வேண்டும் என்று வருவோர் கேட்டாலும், தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஒருபோதும் விடாதீர்கள்.

குட்டைக்கு இடம் தேடும்போது வெள்ளம் ஏறும் தாழ்வான பகுதியைத் தவிர்த்து விடுங்கள். கழுங்கிலும் வரத்து வாய்க்காலிலும் உங்கள் மிகச் சிறிய குஞ்சும் நுழையாத கண்ணளவுள்ள சல்லடையைப் பொருத்தி, மழைக்காலத்தில் நாள்தோறும் குப்பையை நீக்குங்கள். அறுவடைக்குப் பின் மிஞ்சிய குஞ்சுகளை இரக்கப்பட்டு ஏரியிலோ ஆற்றிலோ விடுவது நம்மிடம் உள்ள வழக்கம். அவற்றை அடுத்த பருவத்துக்கு நாற்றங்காலில் நிறுத்துங்கள், இல்லையேல் பக்கத்துக் குட்டைக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.